கழுவி, பன்னி, வாரி: கைநூற்புக்கு ஆட்டு ரோமம் தயார் செய்வது எப்படி?

என் முதல் ஆட்டு ரோமத்தை, அதாவது ஒரு ஆட்டிலிருந்து கத்தரித்த முழுக் கம்பளியை, 2022 ஜூலையில் வாங்கினேன். யார்க்‌ஷயரில் ஒரு பண்ணை வாசலில் உரச்சாக்குக்குள் திணித்து, "5 பவுண்ட்" என்று அட்டை எழுதிச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஐந்து பவுண்டுக்கு ஒரு ஸ்வெட்டர் என்று கணக்குப் போட்டுக்கொண்டே காரில் ஏற்றினேன். மூன்று வாரம் கழித்து என்னிடம் இருந்தது கைப்பிடி அளவு முடிச்சு முடிச்சான பஞ்சு, அடைத்துக்கொண்ட குளியலறைச் சாக்கடை, நாற்றம் போகாத ஒரு கார்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ரோமம் பார்த்தாயிற்று. யாராவது முதலிலேயே வரிசையாகச் சொல்லியிருந்தால் எவ்வளவு பணமும் நேரமும் மிஞ்சியிருக்கும் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். விலையும் வாங்கும் இடமும் நான் இருக்கும் இங்கிலாந்துக்கானவை. கழுவுவது, பன்னுவது (விரலால் பிரித்து உதிர்ப்பது), வாருவது எந்த ஊருக்கும் பொது. நூற்பது பற்றி இதில் இல்லை. கையில் தக்ளியோ ராட்டையோ இருக்கிறது, நூற்கப் பட்டை, அதாவது வாரிச் சுருட்டிய ரோமம், வேண்டும் என்பவர்களுக்கு இது.

1. கார்டிங்கா, கோம்பிங்கா? வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்

திருப்பூர், கோவைக்காரர்களுக்கு இந்த இரண்டு சொல்லும் புதிதல்ல. பனியன் துணி எடுக்கப் போனால் கார்டட் நூலா, கோம்டு நூலா என்றுதான் முதல் கேள்வி. கம்பளியிலும் விஷயம் அதேதான். கார்டிங் என்றால் கம்பிப் பற்கள் பதித்த பிரஷ் ஜோடியான கார்டரில் தேய்ப்பது, கோம்பிங் என்றால் சீப்பில் வாருவது. கார்டிங்கில் இழைகள் எல்லாத் திசையிலும் கலந்து, நடுவில் காற்றை வைத்துக்கொண்டு நிற்கும். நூல் பொசுபொசுவென்று லேசாக, கதகதப்பாக வரும். கோம்பிங்கில் இழைகள் தலை வாரியது போல ஒரே திசையில் படியும். குட்டை இழைகள் கழிந்துவிடும். நூல் வழவழப்பாக, மினுமினுப்பாக, உறுதியாக வரும்.

எது உங்களுக்கு என்பதை உங்கள் ஆசையைவிட இழையின் நீளம்தான் தீர்மானிக்கும். ஒரு கற்றையை எடுத்து அளவுகோலில் வையுங்கள், இழுக்காமல். 8 சென்டிமீட்டருக்குள் இருந்தால் கார்டிங். 10 சென்டிமீட்டரைத் தாண்டினால் கோம்பிங். இடைப்பட்டது எதற்கும் ஒத்துவரும். நீள இழையைக் கார்டிங் செய்தால் அது மடிந்து, கடுகு கடுகாக முடிச்சு விழும். மில்லில் நெப்ஸ் என்பார்களே, அது. குட்டை இழையைச் சீப்பில் வாரினால் பாதிக்கு மேல் கழிவாகப் போகும்.

பஞ்சு மில் தெரிந்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பருத்தியில் முதலில் கார்டிங், பிறகுதான் கோம்பர். என் அப்பா கோவையில் மில்லில் கார்டிங் பிரிவில் வேலை பார்த்தவர். அந்த வரிசை எனக்குப் பிறந்ததிலிருந்து காதில் விழுந்தது. அதையே கம்பளியிலும் செய்தேன். 12 சென்டிமீட்டர் இழையை முதலில் கார்டரில் தேய்த்து, பிறகு சீப்பில் ஏற்றினேன். வந்தது முழுக்க நெப்ஸ். கைவேலையில் இரண்டும் தனித்தனிப் பாதைகள். வாருவதானால் கழுவிய கற்றை நேரே சீப்புக்குப் போக வேண்டும். நடுவில் கார்டர் கிடையாது.

2. எந்த ஆடு, எப்போது, எங்கே

இங்கே ரோமம் கத்தரிப்பது மே கடைசியிலிருந்து ஜூலை வரை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வாங்குங்கள். பிப்ரவரியில் மலிவாக ஒருவர் விற்றால், அது கழித்துக்கட்டப்பட்ட மிச்சமாகவோ அந்துப்பூச்சி தங்கிய வீடாகவோ இருக்க நல்ல வாய்ப்புண்டு.

முதல் தடவைக்கு என் சிபாரிசு ஷெட்லாண்ட். சிறிய ஆடு, ஒரு ஆட்டுக்கு ஒன்று ஒன்றரை கிலோதான் ரோமம் இருக்கும், பிசுக்கு குறைவு, கார்டிங்குக்கு மிருதுவாக ஒத்துழைக்கும். வெள்ளை, சாம்பல், பழுப்பு, கறுப்பு என்று இயற்கை நிறங்களும் உண்டு. வாருவதற்கு என்றால் புளூஃபேஸ்டு லெஸ்டர். இழை நீளம், சுருள் சுருளாக விழும், பட்டு மாதிரி மின்னும். ராம்னி இனமும் பழகுவதற்கு நல்லது, ஆனால் ஒரு ஆட்டிலேயே மூன்று நான்கு கிலோ வந்துவிடும், புதியவருக்கு அது மலை. மெரினோவைத் தொடாதீர்கள், இப்போதைக்கு. மிருது என்ற ஆசையில் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். எடையில் பாதி வரை பிசுக்காகவும் அழுக்காகவும் இருக்கும், இழை மெல்லிசு, கொஞ்சம் அழுத்தினாலும் நெப்ஸ்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு: மேச்சேரி போன்ற நம் செம்மறிகளின் உடலில் இருப்பது குட்டை முடி, அதை நூற்க முடியாது. கம்பளிக்கென்றே இருப்பது நீலகிரி செம்மறி. ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் அந்த இனத்தை வளர்க்கிறார்கள். விசாரிப்பதை அங்கிருந்து தொடங்குங்கள்.

எங்கே வாங்குவது? பிரிட்டனில் நான்கு ஆடுகளுக்கு மேல் வளர்ப்பவர்கள் பிராட்ஃபோர்டைத் தலைமையிடமாகக் கொண்ட பிரிட்டிஷ் உல் அமைப்பில் பதிவு செய்து, ரோமத்தை அதன் வழியாக விற்க வேண்டும் என்று விதி. அதனால் எதிர்ப்பட்ட பண்ணையில் எல்லாம் நின்று கேட்டால் கிடைக்காது. நேரடி விற்பனைக்கு அனுமதி வாங்கியவர்கள், மூன்று நான்கு ஆடுகளை ஆசைக்கு வளர்ப்பவர்கள், இவர்களைத்தான் தேட வேண்டும். ஏப்ரலில் வேல்ஸின் பில்த் வெல்ஸில் வொண்டர்உல் வேல்ஸ், ஜூனில் கம்பிரியாவின் காக்கர்மவுத்தில் உல்ஃபெஸ்ட் என்று சந்தைகள் உண்டு. சந்தையில் விலை கூட. ஆனால் ரோமத்தை விரித்துக் காட்டச் சொல்லலாம், அதுவே பெரிய லாபம்.

3. காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

விற்பவரிடம் இந்த நான்கையும் கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள்: இனம், கத்தரித்த தேதி, ஆட்டின் வயது, கடைசியாகப் பூச்சிமருந்து ஊற்றியதோ ஆட்டை மருந்தில் முக்கியெடுத்ததோ எப்போது. நாலாவதுதான் முக்கியம். ஈ, உண்ணிக்கு முதுகில் மருந்து ஊற்றுவார்கள். அண்மையில் ஊற்றியது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், நீங்கள் வெறுங்கையால் மணிக்கணக்கில் பிசையப்போகும் பொருள் அது. "ஞாபகம் இல்லை" என்பதையும் "அண்மையில்" என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு சோதனை. பென்சில் பருமனில் ஒரு கற்றையை இரண்டு முனையிலும் பிடித்து, காதருகே வைத்து, வெடுக்கென்று இழுங்கள். "டிங்" என்று கம்பி மாதிரி ஒலித்தால் நல்லது. படபடவென்று பொரிகிற சத்தம் வந்தாலோ நடுவில் அறுந்தாலோ, ஆடு நோயிலோ பட்டினியிலோ இருந்த காலத்தில் இழை அந்த இடத்தில் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு மிருதுவாக வாரினாலும் அங்கேதான் அறும். ஏதோ ஒரு கற்றையில் மட்டும் இல்லை, தோள், முதுகு, தொடை என்று மூன்று இடத்தில் இதைச் செய்யுங்கள்.

அடுத்து, கத்தரித்த பக்கத்தைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக உதிர்ந்தால் கத்தரித்தவர் ஒரே இடத்தில் இரண்டு தரம் கத்தி ஓட்டியிருக்கிறார். அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் பின்னால் ஒரு நெப். வெளிர்மஞ்சள் பிசுக்கு கழுவினால் போகும். பளிச்சென்ற கானரி மஞ்சள் போகாது. வைக்கோல் துணுக்கு கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, ஒட்டும் முள்விதை இருந்தால் திருப்பிக் கொடுங்கள். மணல் மாதிரித் துகளும் அரித்த இழையும் தெரிந்தால் அது அந்துப்பூச்சி, காருக்குள்ளேயே ஏற்றாதீர்கள்.

ஊருக்கு எடுத்துப் போகலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கழுவாத ரோமம் என்பது நோய் கொண்டு வரக்கூடிய விலங்குப் பொருள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் இதில் மிகக் கறார். பெட்டியில் துணிக்கு நடுவில் ஒளித்து எடுத்துப் போகும் வேலை வேண்டாம். அனுப்புவதானால் போய்ச்சேரும் நாட்டின் விதியை முதலில் படியுங்கள், சுங்கத்தாளில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

4. கருவிகள்: எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்

கார்டிங்குக்கு இரண்டு கைக் கார்டர்கள். பலகையில் வளைந்த கம்பிப் பற்கள் பதித்த பெரிய பிரஷ் ஜோடி. பற்களின் நெருக்கத்தை எண்ணில் சொல்வார்கள். நடுத்தர ரோமத்துக்கு 72 போதும், 108 மெல்லிய இழைக்கு. நான் 72 வாங்கினேன், 62 பவுண்ட். அதற்கு முன் ஆறு மாதம் நாய்க்கு வாரும் வளைபல் பிரஷ் இரண்டை 9 பவுண்டுக்கு வாங்கி ஓட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும், ஆனால் வரும். இது உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரியும் வரை நாய் பிரஷ் தாராளம்.

வாருவதற்கு இரட்டை வரிசைப் பற்கள் கொண்ட சிறிய கைச்சீப்பு ஜோடி. எனக்கு 70 பவுண்ட் ஆனது. மேசையில் பூட்டி வைக்கும் பெரிய ஆங்கிலச் சீப்பு 200 பவுண்டைத் தாண்டும், பலமான தோளும் வேண்டும். முதல் வருடம் வேண்டாம். வாரிய இழையை உருவ நடுவில் துளையிட்ட சின்ன வில்லை ஒன்று தேவை, டிஸ் என்பார்கள். கடையில் 8 பவுண்ட். ஐஸ்கிரீம் டப்பா மூடியில் உள்ளங்கை அளவு வட்டம் வெட்டி, நடுவில் பேனா ரீஃபில் நுழையும் அளவு துளை போட்டால் அதே வேலை செய்யும். பெரிய சட்டைப் பொத்தானும் செய்யும்.

கைப்பிடியைச் சுற்றி, பல் பதித்த உருளைகளில் கார்டிங் செய்யும் டிரம் கார்டர் புதிதாக 500 பவுண்டுக்கு மேல். வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். நூற்பவர்கள், நெய்பவர்கள், சாயமிடுபவர்களின் கில்டு என்ற சங்கம் பல ஊர்களில் உண்டு. அவற்றில் பல, உறுப்பினருக்குக் கருவி வாடகைக்குத் தருகின்றன. எங்கள் கில்டில் ஆண்டுச் சந்தா 30 பவுண்ட், டிரம் கார்டர் மாதத்துக்கு 5 பவுண்ட், முன்பணம் 20. உறுப்பினர் படிவமும் முகவரிச் சான்றும் கேட்டார்கள். இலையுதிர்காலத்தில் எல்லோரும் கேட்பார்கள், காத்திருப்புப் பட்டியல் நீளும். ஜூனிலேயே பெயர் எழுதி வையுங்கள். எடுக்கும் அன்று பற்களை அங்கேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் யாரோ வளைத்த பல்லுக்கு என் முன்பணத்தில் பாதி போனது.

5. தரம் பிரித்தல்: பாதி வேலை இங்கேதான்

வெயில் நாளில், வெளியே, பழைய போர்வை மேல் ரோமத்தை வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி விரியுங்கள். கையுறை போடுங்கள். தூசு பறக்கும், முகக்கவசமும் நல்லது. தலை எது, வால் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். வால் பக்கம் புழுக்கை ஒட்டியிருக்கும், அதுவே அடையாளம்.

ஓரத்தைச் சுற்றி ஒரு கையகலம் தயங்காமல் கிழித்து எடுங்கள். புழுக்கை ஒட்டியது, வயிற்றுப் பக்கம் சடைத்தது, கழுத்தில் வைக்கோல் சிக்கியது எல்லாம் போகட்டும். அவரைக்கும் தக்காளிக்கும் அடியில் போட்டால் நல்ல உரம். பிறகு மீதியைப் பிடித்து உதறுங்கள், இரட்டை வெட்டுத் துண்டுகள் உதிரும். கடைசியாகத் தோள் தனி, விலாவும் முதுகும் தனி, தொடை தனி என்று மூன்று குவியல். தோள்தான் மிக மெல்லிசு, தொடை முரடு. எல்லாவற்றையும் கலந்து கார்டிங் செய்தால், ஒரே நூலில் கழுத்தைக் குத்தும் இழையும் மிருதுவான இழையும் சேர்ந்து வரும்.

"இதையும் சேர்த்துத்தானே காசு கொடுத்தேன்" என்று ஓரத்தை வைத்துக்கொள்ள மனசு சொல்லும். என் முதல் ரோமத்தில் நான் எதையும் எறியவில்லை. சாக்கடை அடைத்ததற்கு அதுதான் காரணம்.

6. கழுவுதல்: சூடு இருக்கட்டும், கை சும்மா இருக்கட்டும்

கழுவாமலும் வாரலாம் என்று சிலர் சொல்வார்கள். புதிதாகக் கத்தரித்த ரோமத்தில் முடியும்தான். ஆனால் பிசுக்கு கார்டரின் பல்லில் இறுகிவிட்டால் அதை எடுப்பது தனிப் பிழைப்பு. கழுவிவிடுங்கள்.

ரோமத்தின் பிசுக்கு லனோலின், கிட்டத்தட்ட 40 டிகிரி செல்சியஸில் இளகும் மெழுகு. எனவே கை பொறுக்கும் வெதுவெதுப்பில் கழுவினால் அழுக்கு போகும், பிசுக்கு போகாது. தண்ணீர் 60 முதல் 65 டிகிரி இருக்க வேண்டும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள், 5 பவுண்ட்தான். எங்கள் வீட்டுக் குழாயில் 55 வரை வரும், மீதிக்குக் கெட்டில்.

சூடு தேவை என்றால் பயம் எதற்கு? கம்பளி இழையின் மேல் மீன்செதில் போல அடுக்கு உண்டு. சூடு, சோப்பு, தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ரோமம் கம்பளமாகிவிடும். சூட்டையும் சோப்பையும் விட முடியாது. விட வேண்டியது தேய்ப்பை. துணி துவைத்துப் பழகிய கை சும்மா இருக்காது. கசக்கத் தோன்றும். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மாலை: கற்றைகளை வலைப்பைகளில் தளர்வாகப் போடுங்கள், பைக்கு 250 கிராம் போதும். குளிர்ந்த மழைத்தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ நிரப்பிய வாளியில் இரவு முழுக்க ஊறட்டும். காலையில் அந்தப் பழுப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். நாற்றத்துக்காக அண்டை வீட்டில் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

மறுநாள்: தொட்டியில் முதலில் சூடான தண்ணீர், அடுத்து பாத்திரம் கழுவும் திரவம், நுரை எழாமல் மெல்லக் கலக்கி, கடைசியாகப் பை. வரிசை மாறக்கூடாது. ரோமத்தின் மேல் குழாயைத் திறந்துவிடாதீர்கள், அந்த விசையே சடைக்கப் போதும். பையை மெல்ல அமுக்கி நனைத்துவிட்டு 20 நிமிடம் விலகி நில்லுங்கள். தண்ணீர் 45 டிகிரிக்குக் கீழே போகும் முன் வெளியே எடுங்கள். ஆறவிட்டால் கரைந்த பிசுக்கு மறுபடி இழையிலேயே படிந்து, சாதாரணமாகப் போகாத பிசினாகிவிடும். இன்னொரு முறை அதே சூட்டில் சோப்பு. பிறகு சோப்பில்லாமல் இரண்டு அலசல், அதுவும் அதே சூட்டில் தொடங்கி. சூட்டிலிருந்து பச்சைத் தண்ணீருக்குச் சட்டென்று மாற்றினால் சடைக்கும். லண்டன் பக்கம் தண்ணீர் கடினம், கடைசி அலசலில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள்.

சலவைத்தூளில் "பயோ" என்று போட்டிருப்பதைத் தொடாதீர்கள். அதிலுள்ள நொதி புரதக் கறையைத் தின்னும். கம்பளியும் புரதம்தான்.

வாஷிங் மெஷினில் பையோடு வைத்து, தண்ணீர் வராத வெறும் ஸ்பின் ஓட்டலாம். தவறுதலாக முழுச் சுற்றையும் அழுத்திவிட்டால் சின்னக் கம்பளம் ஒன்று கிடைக்கும். பூனைக்கு ஆகும். பிறகு வலைமேல் நிழலில் காய வையுங்கள். ஜூலையில் ஒன்றரை நாள், அக்டோபரில் வீட்டுக்குள் நான்கு நாள். கழுவுவதைக் கோடையிலேயே முடித்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

7. பன்னுதல்

நம் ஊரில் பஞ்சைப் பிரித்து உதிர்ப்பதைப் பன்னுதல் என்பார்கள். இங்கும் அதுவே அடுத்த வேலை. ஒவ்வொரு கற்றையாக எடுத்து, விரலால் பக்கவாட்டில் விரித்து, மேகம் மாதிரி ஆக்குங்கள். மடியில் கறுப்புத் துணி போட்டுக்கொண்டால் விழும் குப்பை தெரியும். நுனி பிசின் மாதிரி ஒட்டியிருந்தால் நாய் பிரஷால் நுனியை மட்டும் இரண்டு இழு இழுத்துத் திறங்கள், உடைந்தால் கத்தரித்துப் போடுங்கள். அலுப்பான வேலைதான், டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். இங்கே மிச்சப்படுத்தும் ஒரு நிமிடத்துக்குக் கார்டரில் ஐந்து நிமிடம் போகும்.

இது கார்டிங்குக்கு மட்டும். வாரப்போகும் கற்றையைப் பன்னக்கூடாது, வேரும் நுனியும் கலையாமல் அப்படியே வைத்திருங்கள்.

8. கைக் கார்டிங்

கார்டர்களில் இடது, வலது என்று எழுதிவிடுங்கள். பற்கள் கைக்கேற்ற மாதிரி வளைந்து பழகும், மாற்றிப் பிடித்தால் தடுமாறும்.

இடது கார்டரை முழங்காலில் பல் மேலே பார்க்க வைத்து, பன்னிய ரோமத்தை அதன் மேல் பிடித்து இழுத்தால் பற்கள் தமக்கு வேண்டியதைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய படலமாக, 4 அல்லது 5 கிராம். பற்கள் தெரிய வேண்டும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு அதிகமாக ஏற்றுவது. கார்டர் பெரியது, இவ்வளவு கொஞ்சமாகவா என்று தோன்றும். ஆமாம், அவ்வளவு கொஞ்சமாகத்தான்.

வலது கார்டரால் நுனி ஓரத்தில் மட்டும் தொட்டு வாரத் தொடங்கி, ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாருங்கள். குழந்தைக்குத் தலையில் சிக்கெடுப்பது போலத்தான், அடியில் பிடித்து இழுத்தால் கத்தும். பல்லும் பல்லும் மோதக்கூடாது. இழைதான் இழையோடு உரச வேண்டும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: கிசுகிசு என்றால் சரி, கரகர என்றால் அழுத்துகிறீர்கள். நாலைந்து இழுப்பு, பிறகு முழு ரோமத்தையும் ஒரு கார்டரிலிருந்து மற்றதுக்கு மாற்றி, மறுபடி. இரண்டு மூன்று மாற்றத்தில் தெளிந்துவிடும். இன்னும் அழகாக்கலாம் என்று தொடர்ந்தால் இழை அறுந்து நெப்ஸ் கிளம்பும். தெளிந்ததும் நிறுத்தத் தெரிவதற்கு எனக்கு ஒரு குளிர்காலம் ஆனது.

படலத்தைப் பல்லிலிருந்து மெல்லத் தூக்கி, கார்டரின் முதுகில் வைத்து ஓரத்திலிருந்து சுருட்டுங்கள். இங்கே ரோலாக் என்பார்கள். தக்ளிக்காரர்கள் பட்டை என்பார்கள். சுருட்டும்போது இறுக்காதீர்கள். பெட்டியில் ஒன்றன் மேல் ஒன்றாக அமுக்கி வைக்கவும் வேண்டாம், காற்று போய்விட்டால் கார்டிங் செய்ததற்கே அர்த்தமில்லை.

குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் இழைகள் சிலிர்த்துக்கொண்டு பறந்து கையில் ஒட்டும். எனக்கு இது பெரிய தொல்லையாக இருந்தது. போனில் அப்பாவிடம் புலம்பியபோது, "ஏங்கண்ணு, ரூமுக்குள்ள ஈரம் எவ்வளவு இருக்குதுன்னு பாத்தியா? மில்லுல அதுக்குன்னே தனி பிளான்ட் ஓட்டுவோமல்ல?" என்றார். ஐம்பது யூடியூப் காட்சிகளில் கிடைக்காத பதில். ஹீட்டர் மேல் ஈரத்துண்டு போட்டேன், கார்டரில் ஏற்றும் முன் ரோமத்தின் மேல் ஸ்ப்ரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் தெளித்தேன். பறப்பது நின்றது.

டிரம் கார்டர் கிடைத்தால் நெப்ஸுக்கும் ஈரத்துக்கும் விதிகள் இவையே. கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள், ஊட்டும் ரோமத்தின் ஊடாகத் தட்டு தெரியும் அளவுக்கு மெல்லிசாக ஊட்டுங்கள், பின்பக்கமாகச் சுற்றாதீர்கள். முழு ரோமத்தையும் இரண்டு தடவை ஊட்டி எடுத்தால் போதும்.

9. சீப்பில் வாருதல்

முதலில் பாதுகாப்பு. இந்தச் சீப்பின் பற்கள் ஊசி. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையோ பூனையோ இருக்கும் அறையில் வேண்டாம். எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் பற்களில் கார்க் குத்தி வையுங்கள். போன் அடித்தால் எடுக்காதீர்கள். என் இடது கட்டைவிரலில் இரண்டு புள்ளித் தழும்பு இருக்கிறது, ஒரு வாட்ஸ்அப் அழைப்பின் ஞாபகம்.

கற்றைகளின் வெட்டுமுனையைப் பல்லில் மாட்டுங்கள், நுனி வெளியே தொங்கட்டும். எது வெட்டுமுனை? கூம்பாக முடிவது நுனி, தட்டையாக இருப்பது வெட்டுமுனை. பல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்தால் போதும். ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் கலந்த தண்ணீரை லேசாகத் தெளியுங்கள்.

ஏற்றிய சீப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு சீப்பைக் குறுக்காக, அதாவது பற்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, வீசி வாருங்கள். உங்கள் உடம்பிலிருந்து விலகிப் போகும் திசையில் மட்டும். இங்கும் நுனியிலிருந்தே தொடக்கம். இழை கொஞ்சம் கொஞ்சமாக வீசும் சீப்புக்கு மாறும். கடைசியில் நிற்கும் சீப்பின் அடியில் குட்டை இழை, நெப்ஸ், வைக்கோல் எல்லாம் தங்கிவிடும். அதை எடுத்துவிட்டு, திசை மாற்றி மறுபடி. மூன்று முறை மாற்றினால் போதும்.

பிறகு உருவுதல். நுனி இழைகளைச் சேர்த்துத் திரித்து டிஸ்ஸின் துளையில் நுழைத்து இழுங்கள். ஒரு இழுப்பில் இழை நீளத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. டிஸ்ஸைச் சீப்பின் பக்கம் தள்ளி, மறுபடி இழுங்கள். கயிறு மாதிரித் தொடர்ந்து வரும். இழுக்க வராமல் அடம்பிடித்தால் பலம் காட்டாதீர்கள், கையைப் பின்னால் நகர்த்திப் பிடியுங்கள். நெருங்கிப் பிடித்தால் ஒரே இழையின் இரு முனையையும் நீங்களே பிடித்திருப்பீர்கள். உருவியதைக் குருவிக்கூடு மாதிரிச் சுற்றி வையுங்கள், எந்த முனை முதலில் வந்ததோ அந்த முனையிலிருந்தே நூற்றால் ஓட்டம் நன்றாக இருக்கும்.

கழிவு எவ்வளவு? என் புளூஃபேஸ்டு லெஸ்டரில் கழுவிய 100 கிராமுக்கு 65 கிராம் வாரிய இழை வந்தது. மீதியை எறியாதீர்கள். குப்பையைப் பொறுக்கிவிட்டுக் கார்டிங் செய்தால் சொரசொரப்பான அழகுள்ள நூல் வரும், தலையணைக்குள்ளும் திணிக்கலாம்.

10. செலவும் நேரமும்: என் நோட்டிலிருந்து

2023-ல் ஒரு ஷெட்லாண்ட் ரோமம் 12 பவுண்டுக்கு வாங்கினேன், 1.4 கிலோ. ஓரம் கழித்தபின் 1.1 கிலோ. கழுவிக் காய்ந்தபின் 780 கிராம். கார்டிங் முடிந்து பட்டையாக 700 கிராம். ஆகவே 500 கிராம் நூல் வேண்டும் என்றால் வாங்கும்போதே ஒரு கிலோவுக்கு மேல் பாருங்கள். வாருவதானால் அதற்கும் அதிகம் வேண்டும்.

நேரத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். தரம் பிரிக்க ஒரு மாலை, கழுவ இரண்டு நாள். பன்னுவதையும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் எனக்கு 25 முதல் 30 கிராம்தான் பட்டை வரும். 700 கிராமுக்கு 25 மணி நேரம் ஆனது. ஒரே வாரக்கடைசியில் முடிக்கப் பார்த்து மணிக்கட்டு வீங்கி ஒரு மாதம் வீணானது. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்.

கழுவியதை இரண்டு வருடம் கிடப்பில் போடாதீர்கள். மிச்சமிருக்கும் துளிப் பிசுக்கு நாளாக நாளாக இறுகி இழையை ஒட்டவைக்கும். அந்த வருடக் கோடையில் கழுவியதை அடுத்த கோடைக்குள் பட்டையாக்குங்கள்.

11. வைத்திருத்தல்

புதிதாக வீட்டுக்குள் வரும் எந்த ரோமத்தையும், கழுவியபின் நன்றாகக் காயவைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கிறேன். அந்துப்பூச்சி முட்டை இருந்தால் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச்சூட்டுக்கு வரும் வரை விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். பிறகு தலையணை உறைக்கு மாற்றி முடிச்சுப் போட்டு வையுங்கள். பையோடு ஒரு சீட்டு: இனம், கத்தரித்த தேதி, எந்தப் பகுதி, கழுவிய தேதி, எடை. ஆறு மாதம் கழித்துத் தோளும் தொடையும் கையில் எடுத்தால் இரண்டும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். ஃப்ரீசர் பையின் வெளியிலும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அதை யாரோ தோசைமாவு என்று நினைத்து வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள், இரண்டு வாரத்தை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.